சேரன்மகாதேவியில் ஒரு பந்தி

பாளையங்கோட்டை

பாளையங்கோட்டையில் வழி கேட்டால் பள்ளிக்கூடத்தையோ கோயிலையோ அடையாளம் வைத்துத்தான் சொல்கிறார்கள். 'அந்த ஸ்கூல் காம்பவுண்ட ஒட்டியே போங்க, முக்குல சர்ச் வரும், அதத் தாண்டுனா இன்னொரு ஸ்கூல்.' எங்கள் ஈரோட்டில் இதே கேள்விக்கு ஜவுளிச் சந்தை, மஞ்சள் மண்டி என்றுதான் பதில் வரும். நாங்கள் வியாபாரத்தில் வளர்ந்த ஊர். இது படிப்பில் வளர்ந்த ஊர்.

ரெய்னீஸ் ஐயர் தெருவுக்கு அப்படித்தான் விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ஜெர்மன் நாட்டிலிருந்து வந்து, 1820 முதல் இங்கே ஊழியம் செய்து, தமிழுக்கு இலக்கணம் எழுதி, 1838இல் இங்கேயே இறந்துபோன ரெய்னியஸ் பாதிரியாரின் பெயர் அது. அதே பெயரில் வண்ணநிலவன் எழுதிய சின்ன நாவலில் பெரிய சம்பவம் என்று எதுவும் கிடையாது. ஒரு தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஜெபித்துக்கொண்டு, பொறாமைப்பட்டுக்கொண்டு இருக்கும். அவ்வளவுதான்.

அங்கே எனக்குத் தெருவைச் சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மறுநாள் சேரன்மகாதேவியில் கூடும் வாசகர் கூட்டத்துக்கு என்னை வரச் சொன்னவரும் அவர்தான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடிப் படித்ததைப் பேசுவார்கள். இந்த மாதத்துப் பொருள்: மதம், சாதி, வளர்ந்த வீடு. அதில் எந்தப் புத்தகத்தையும் எடுத்து வரலாம்.

'இந்தத் தெருக்காரங்க அந்த நாவலப் படிச்சாங்களா டீச்சர்?' என்று கேட்டேன்.

'படிச்சவங்க எல்லாம் எது யாரு வீடுன்னு கண்டுபிடிக்கிறதுலயே நின்னுட்டாங்க' என்று சிரித்தார்.

அங்கிருந்து கிளாரிந்தா ஆலயத்துக்குப் போனோம். தஞ்சாவூரில் மராத்தியப் பிராமணக் குடும்பத்து விதவையாக இருந்த கோகிலா, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்து, அவர் இறந்த பிறகு 1778இல் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவர் கட்டிய சின்னக் கோயில் இது. ஊர்க்காரர்களுக்கு இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில்தான். பெருங்குளத்தில் 1872இல் பிறந்த அ. மாதவையா இந்தப் பெண்ணின் வாழ்க்கையை 1915இல் ஆங்கில நாவலாக எழுதினார்.

'எங்க ஆச்சி சொன்ன கிளாரிந்தாவுக்கு ஜெபம் மட்டும்தான் தெரியும்' என்றார் டீச்சர். 'மாதவையாவோட கிளாரிந்தாவுக்குப் பயமும் இருக்கு, ஆசையும் இருக்கு. ஒரு இந்து எழுதுனதாலதான் அவளுக்கு அது ரெண்டும் கெடச்சுதோன்னு நெனச்சுக்கிடுவேன். எங்க ஆளுங்க எழுதிருந்தா நேரா பரலோகத்துக்கு அனுப்பிருப்பாங்க.'

அவர் வாழ்நாள் முழுக்க வகுப்பில் நடத்தியது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. பக்கத்திலிருக்கும் கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, முப்பது வயதுக்கு மேல் கிறிஸ்தவரானார். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தமிழில் காவியமாகப் பாட உட்கார்ந்தபோது அவர் கைக்கு வந்தது கம்பனின் நடை. வேதத்தை மாற்றிக்கொண்டவரால் காதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. டீச்சருக்கு அவர் மேல் உள்ள பிரியத்துக்குக் காரணமே அதுதான்.

கிறிஸ்துமஸ் நெருங்கும் மார்கழி. தெருவில் ஒரு வாசலில் காகித நட்சத்திரம், அடுத்த வாசலில் பூசணிப்பூ வைத்த கோலம். டீச்சர் வீட்டில் கேக்கும் முந்திரிக்கொத்தும் ஒரே தட்டில் வந்தன.

பத்தமடை

காலையில் மேற்கே போகும் பஸ். பேட்டை தாண்டியதும் நெருக்கடி குறைந்து வயல் விரிந்தது. பிசானப் பயிர் முழங்கால் உயரத்தில் பச்சையாக நிற்க, வரப்பில் கொக்குகள். எதிரே பொதிகை மலை ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கிட்ட வந்தது. வலப்பக்கமோ இடப்பக்கமோ ஏதாவதொரு வாய்க்கால் கூடவே ஓடிவருகிறது. தாமிரபரணிக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் பிரியும் கால்வாய்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சோறு. எங்களுக்கும் ஒரு வாய்க்கால் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டியது. அதன் கரையில் வளர்ந்தவனுக்குச் சாயக்கழிவு கலந்த நிறம்தான் பழக்கம். இங்கே வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பத்தமடையில் இறங்கக் காரணம் பாய். கோரையை ஊறவைத்து, காயவைத்து, மிக மெல்லிசாகக் கீறி, சாயமேற்றி, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் நெய்கிறார்கள். நெய்வது பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். நைஸான பட்டுப் பாயை மடித்தால் துணியைப் போல மடிகிறது. கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை, பொண்ணு பெயரையும் சேர்த்தே நெய்துவிடுவார்கள்.

நான் போன வீட்டில் தறியில் பாதிப் பாய் நின்றது. அதில் ஓர் இந்து மணமகளின் பெயர்.

'எல்லாப் பேரும் நெய்வோம்' என்றார் வீட்டுப் பெரியம்மா. 'முருகன், மரியா, மைதீன். எங்களுக்கு ஸ்பெல்லிங் மட்டும் சரியா இருக்கணும். பிரிச்சு மறுபடி நெய்யதுதான் பெரும்பாடு.'

அவருடைய மருமகள் கூட்டத்துக்கு வருகிறவர். மேலப்பாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைக் கையில் வைத்திருந்தார். நாள்பட்ட நூலகப் பிரதி. துவரங்குறிச்சியில் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே படித்துப் படித்துக் கவிஞரானவர் சல்மா. அவருடைய நாவலில் சின்னப் பெண் ராபியா, பெரிய பெண்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே உலகத்தைத் தெரிந்துகொள்கிறாள்.

'இத மாமி முன்னாடி படிப்பீங்களா?' என்று மெதுவாகக் கேட்டேன்.

'மாமிக்குத்தான் வாசிச்சே காமிக்கேன். அவுகளுக்கு எழுத்து தெரியாது. சில எடத்துல வேண்டாம், தாண்டிப் போன்னுவாக. மறுநா அவுகளே, நேத்து தாண்டுன எடத்த வாசின்னுவாக.'

பெரியம்மா தறியைப் பார்த்தபடியே சிரித்தார்.

இதே ஊரில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற பையன் டாக்டராகி, மலேயாவில் வேலை பார்த்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். ஆண் பிள்ளைக்கு நம்பிக்கையைத் தேடப் போக ஒரு கடலும் ஓர் இமயமலையும் இருந்தன. இந்தத் தறி வீட்டுப் பெண்களுக்கு நாவலின் தாண்டிப்போன பக்கங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பயணமும் தூரமானதுதான் என்று எனக்குப் பட்டது.

சேரன்மகாதேவி: ஆற்றங்கரை

திருநெல்வேலியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். சோழர் காலத்தில் நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம். ஆற்றங்கரையில் நவகைலாயங்களில் ஒன்றான அம்மநாதர் கோயில். வயல் பக்கம் தொல்லியல் துறையின் பொறுப்பிலிருக்கும் பக்தவத்சலப் பெருமாள் கோயில், சுவரெல்லாம் கல்வெட்டு. ஆறு இங்கே அவசரமில்லாமல் அகன்று போகிறது. படித்துறையில் துணி துவைக்கிற சத்தம், மருதமர நிழல், கரையேறினால் கன்னடியன் கால்வாய்.

ஈரோட்டில் வளர்ந்த எவனுக்கும் இந்த ஊரின் பெயர் ஒரு பாடப்புத்தக வரி. பெரியார் காங்கிரஸை விட்டு ஏன் விலகினார்? காரணங்களில் ஒன்று, சேரன்மாதேவி குருகுலம். பெரியார் வீதியின் நினைவு இல்லத்திலும் அப்படித்தான் படித்தோம். எங்களுக்கு இது ஒரு காரணத்தின் பெயர். இங்கே வந்து டீ குடித்து, சில்லறை வாங்கி, பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் ஊராகத் தெரிந்தது.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இது. பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போய், சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சிக்காரராகி, புதுச்சேரியில் பத்தாண்டு காலம் தஞ்சமிருந்து, பல்லாரிச் சிறையில் கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதிவிட்டு வந்த வ.வே.சு. ஐயர், 1922இல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கி, பிறகு அதைச் சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்தார். தேசத்துக்கு உழைக்கும் பிள்ளைகளை வளர்ப்பது நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் 5,000 கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற செய்தி 1924 வாக்கில் வெளியே வந்தது. பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். அவன் வீட்டில் வந்து சொன்னதே பரவியது என்று திராவிட இயக்க வரலாறுகள் சொல்லும். பெற்றோர் வற்புறுத்தலால் இரண்டு பையன்களுக்கு மட்டும் தந்த விலக்கு அது என்றது ஐயர் தரப்பு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. காந்தி வரைக்கும் போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

இரண்டு இலை வேறு இடத்தில் விழுந்த விஷயம். அதற்காக ஒரு கட்சியே பிளந்தது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். நம் ஊர்களில் பந்தி எப்படிப் போடப்படும் என்று தெரிந்தவர்கள் வியக்க மாட்டார்கள்.

சேரன்மகாதேவி: திண்ணை

கூட்டம் நடந்த வீடு கால்வாய்ப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எல்லோருக்கும் சார். திண்ணையில் பத்தமடைப் பாய் விரித்திருந்தது. டீச்சர், தறி வீட்டு மருமகள், மேலப்பாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய், தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர், வீரவநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்லூரி மாணவி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இவரை எல்லோரும் மாமா என்றார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதைச் சுருக்கம் சொல்லக் கூடாது. நன்றாக இருந்தது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. படித்துக்கொண்டிருந்தபோது எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனீர்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஏன் என்பதை மற்றவர்கள் கேட்டு வாங்குவார்கள்.

மாணவியின் கையில் பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்த புத்தகம். அவள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

'பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்த கையில படாம, கட்டுன கயித்தப் புடிச்சுத் தூக்கிட்டுப் போவாருல்லா, அந்த எடம்' என்றாள். 'சின்னப் புள்ள பாமாவுக்கு மொதல்ல சிரிப்பு வரும். நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போனதும் அவங்க அண்ணன் ஏன்னு சொல்லுவாரு. அங்க மூடிட்டேன்.'

'கோபத்துலயா?'

'இல்ல சார். நாம சிரிச்சுட்டோமேன்னு.'

பாய் கொண்டுவந்தது தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். பாய் அவரை நேரில் பார்த்திருக்கிறார்.

'இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாதுன்னு மொதலாளி நிக்காரு பாருங்க, அங்க எந்திரிச்சேன். எங்க வாப்பாவோட வாப்பா இதே பேச்சு பேசுன ஆளு. எங்க ஆளுக சில பேரு, நம்ம வீட்டு விசயத்த நாலு பேரு முன்னாடி போட்டுட்டாருன்னு மீரான் மேல வருத்தப்பட்டாக. நான் கேட்டேன், அந்த நாலு பேருல நாமளும் ஒரு ஆளுதான?'

'அப்ப உங்களுக்கு வருத்தமே இல்லையா?' என்று விடவில்லை தறி வீட்டுப் பெண்.

'இருந்துது. இல்லாம என்ன. அதான எந்திரிச்சேன்.'

தென்காசி இளைஞர் அன்வர் பாலசிங்கத்தின் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' நாவலை எடுத்தார். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. டில்லி வரைக்கும் அதிர்ந்த செய்தி. மாறிய குடும்பங்களின் பெண் பிள்ளைகளை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட நாவல் இது.

'இத நான் நிறுத்தவே இல்ல, ஒரே மூச்சுல படிச்சேன். அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு' என்றார். 'நம்மள நிறுத்தாத புத்தகம் நமக்குத் தெரிஞ்சதத்தான சொல்லுது?'

பாய் உடனே மறுத்தார். ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மொத்த மாற்றத்தையும் தோல்வி என்பதா? அந்த ஊரில் படித்து முன்னேறிய பிள்ளைகள் கதையில் எங்கே? மாணவி குறுக்கே வந்தாள்: முன்னேறினவர்கள் கதையை எல்லோரும் சொல்வார்கள், நின்றுபோனவர்கள் கதையை யார் சொல்வது? டீச்சர், தங்கள் சபைகளிலும் பெண் பார்க்கும்போது கேட்கப்படும் முதல் கேள்வி எது என்று எடுத்துச் சொன்னார். வாதம் நீண்டது. யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. எங்கள் ஊரில் ஆகஸ்டு மாதம் புத்தகத் திருவிழா நடக்கும். திடல் கொள்ளாத கூட்டம் வரும், மேடையில் ஒருவர் பேசுவார், ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். கைதட்டாமல் குறுக்கே பேசுகிற வாசகர்களை அவ்வளவு கிட்டத்தில் கேட்டது எனக்கு ருசித்தது.

பிறகு சாப்பாடு. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். குண்டு அரிசிச் சோறு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 என்றார் சார். எல்லோருக்கும் ஒரே வரிசையில் இலை. எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்துக்குப் பழகிய நாக்குக்குச் சொதியின் மென்மை புதுசு. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

'எங்க வீட்டுல சொதியே கெடையாது' என்றாள் மாணவி, சாதாரணமாக. 'மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கது பிள்ளைமார் வீட்டுலதான். காலேஜ் ஃபிரெண்டு கல்யாணத்துலதான் மொதல்ல சாப்பிட்டேன்.'

'எங்களுக்கு ஆணம்' என்றார் பாய். 'அதுவும் தேங்காப்பாலுதான், ஆனா ஊரு வேற.'

சார் கொஞ்சம் சங்கடப்பட்டார். திருநெல்வேலிச் சமையல் என்று நினைத்து வைத்தது தன் வீட்டுச் சமையல்தான் என்று சொல்லாமல் தெரிந்தது.

அதைப் பார்த்த பாய், 'அடுத்த மாசம் நம்ம வீட்டுல. பிரியாணி, தால்ச்சா' என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். 'ஒங்களுக்குத் தனியா சைவம் செஞ்சிருதேன் மாமா. தனிப் பாத்திரம், தனி அடுப்பு, கவலப்படாதீங்க.'

'தனியா' என்ற சொல் விழுந்ததும் எல்லோரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு. எந்த ஊரில் உட்கார்ந்து என்ன பேசுகிறோம்!

சிரிப்பு அடங்கியதும் உண்மையான வாதம் வந்தது. மாமிசம் சாப்பிடாதவருக்கு வேறு கறி வைப்பது உபசாரம், அதில் என்ன தப்பு என்றார் டீச்சர். குருகுலத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றார் இளைஞர். பாத்திரம் வேறாக இருக்கலாம், வரிசை வேறாகக் கூடாது என்றார் பாய். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'தனி அடுப்பெல்லாம் வேண்டாம். சாதமும் மோரும் போதும் எனக்கு. ஆனா ஒங்க நடுவுலதான் ஒக்காருவேன்.'

மாணவி கேட்டாள்: 'எங்க வீட்டுக்கு வருவீங்களா மாமா?'

'கூப்பிட்டா வரேன்.'

'நான் கூப்பிட்டுருவேன். ஆனா அம்மா பயப்படுவாங்க. ஒங்களுக்குச் சோறு போடதுக்கு.'

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. இலையை மடித்தோம்.

கல்லிடைக்குறிச்சி

மாலையில் மாமாவோடு ரயிலில் கல்லிடைக்குறிச்சி. காருகுறிச்சி ஸ்டேஷன் வந்தபோது நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் பெயரைச் சொல்லிக் கைகூப்பினார். அருணாசலம் 1964இல் இறந்தபோது இவர் சின்னப் பையன்.

அக்ரகாரத்துத் தெருக்களில் பல வீடுகள் பூட்டு. பிள்ளைகள் மும்பை, பெங்களூர், அதற்கும் அப்பால். திறந்திருந்த ஒரு வீட்டில் அப்பளம் கிடைத்தது. இந்த ஊர் அப்பளத்துக்கு இன்னும் தூரத்திலிருந்து ஆள் வருகிறது.

திண்ணையில் அவர் தன்னுடைய மூடி வைத்த பக்கத்தைச் சொல்லவில்லை. சாப்பாட்டு வாதத்தில் அவர் முறை வராமலே போயிருந்தது. இப்போது சொன்னார். இரண்டு புத்தகங்கள். ஒன்று ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்', 1915இல் வந்து, தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் சொல்லும் கதை. வளர்ந்துவரும் ருக்மிணி என்ற பெண்ணைப் பெரியவர்களின் பணக்கணக்கு கைவிட, அவள் குளத்தில் விழுந்து சாகிறாள். இன்னொன்று பழ. அதியமான் குருகுலப் போராட்டத்தைப் பற்றி ஆவணங்களோடு எழுதிய 'சேரன்மாதேவி'.

'ஐயரை நெனச்சு வளந்தவன் நான். எங்க அப்பா அவர் படத்த வச்சிருந்தார். இந்தப் புஸ்தகத்த எத்தனை எடத்துல மூடினேன்னு சொல்லி முடியாது. கீழ வச்சுடவும் முடியல. ஒரு பொண்ணோட கஷ்டத்த மரத்தோட வாயால சொல்லத் தெரிஞ்சவருக்கு, பக்கத்து எலையில ஒக்காந்த பையனோட கஷ்டம் எப்படித் தெரியாமப் போச்சு?'

'தெரிந்திருக்கும். பெற்றோரை எதிர்க்கத் தயங்கியிருப்பார்' என்றேன்.

'அதான் சொல்றேன். வெள்ளைக்காரனுக்குத் தயங்கல.'

இதைவிடக் கடுமையாக எங்கள் ஊர் மேடைகளில் ஐயரைப் பேசிக் கேட்டிருக்கிறேன். அவற்றில் இவ்வளவு வலி இருந்ததில்லை.

பாபநாசம்

மறுநாள் மலையடிவாரம். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் மீன்கள் பொரிக்காக முட்டிமோதின. மேலே அகஸ்தியர் அருவி. அதற்கும் மேலே கல்யாண தீர்த்தம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கறுத்து, ஆழம் காட்டாமல் கிடக்கிறது. 1925 ஜூன் தொடக்கத்தில் குருகுலப் பிள்ளைகளோடும் தன் பிள்ளைகளோடும் இங்கே வந்த ஐயர், தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தார். இருவரும் திரும்பவில்லை. அவருக்கு வயது 44.

தண்ணீரில் ஒரு பெண்ணைச் சாகவைத்துக் கதை எழுதியவர் தண்ணீரில் மகளோடு போனார் என்று இந்த இடத்தில் பலருக்கும் தோன்றும். முந்தின நாள் இளைஞர் அதைச் சொன்னபோது மாமா வெட்டிவிட்டார்: 'அது வெறும் தற்செயல். அதுல அர்த்தம் தேடினா அவர் செஞ்சதையும் செய்யாததையும் பேசாமத் தப்பிச்சுக்கலாம்.' பாறையில் நின்றபோது அவர் சொன்னதே சரியென்று பட்டது.

ஐயர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, மே 2ஆம் தேதி, ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கியிருந்தது. மாதவையா அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அந்த ஒரே ஆண்டின் மிச்சத்தைத்தான் நாம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே பந்தியில் உட்காருவது என்றால், எங்கள் ஊரிலும் ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் அரசு ஏற்பாட்டில் பொது விருந்து நடக்கும். அதிகாரிகள் வரிசையில் உட்காருவார்கள், போட்டோ வரும். நல்ல காரியம்தான். ஆனால் அந்த இலை யார் வீட்டுடையதும் இல்லை. அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, யாரும் பயப்படுவதும் இல்லை.

பஸ் விக்கிரமசிங்கபுரம் தாண்டும்போது மாணவியிடமிருந்து கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. 'அம்மா இன்னும் சரின்னு சொல்லல. அவருக்கு நாம சமைச்சது புடிக்காமப் போயிட்டான்னு கேக்காங்க. கேட்டுக்கிட்டே இருக்கேன்.' கீழே மாமாவின் பதில்: 'காத்திண்டிருக்கேன்னு சொல்லும்மா.'

குருகுலச் சண்டையில் கடிதம் எழுதியவர்கள், தீர்மானம் போட்டவர்கள், சமரசம் பேசியவர்கள் எல்லோரும் பக்கத்தில் உட்காரவிடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தவர்கள். அந்தப் பேச்சில் ஒரு தாயின் சம்மதத்துக்கு யாரும் காத்திருந்ததாகத் தெரியவில்லை. வீரவநல்லூர் பக்கத்தில் ஒரு வீட்டில் இப்போது அந்த முடிவு ஓர் அம்மாவின் கையில் இருக்கிறது. அவர் கூப்பிடவும் செய்யலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். அந்த உரிமை அவரிடம் போய்ச் சேர நூறாண்டு ஆகியிருக்கிறது.